கறவை மாட்டு விலை

சுங்கத்தில் பதினொரு நாள் கிடந்துவிட்டுப்
பள்ளத்தூர்த் தபாலகத்துக்கு வந்தது பெட்டி.
தீர்வையாகக் கட்டிய தொகைக்கு
இரண்டு வெள்ளாட்டுக் கிடாய் பிடிக்கலாம்.
பேனாவின் விலைக்கோ
ஈன்று இருபது நாளான கலப்பின மாடு, கன்றோடு.
எனக்கு எல்லாமே இப்படித்தான் கணக்கு வரும்,
பதினாறு வருஷமாய்க் கால்நடை மருந்தகத்தில்.

வீட்டில் மூவாயிரம் என்றேன்.
"பேனாவுக்கு மூவாயிரமா?" என்று
தட்டிலிருந்து நிமிர்ந்தார் அவர்.
சம்பள நிலுவை வந்ததே அவருக்குத் தெரியாது.

கறுப்பென்று நினைத்துத்தான் வாங்கினேன்.
கறுப்பில்லை.
வெயிலில் பிடித்தால் அடியில் எதுவோ
கருஞ்சிவப்பாய்ப் படுத்திருக்கிறது.
சினை மாட்டின் விலாவில் கைவைத்தால் புரளுமே,
இருப்பது தெரியும், முகம் தெரியாது,
அப்படி.

முதல் வாரம் விரலிடுக்கில் அரிப்பு.
பெருவிரல் ஓரம் பொடிப்பொடியாய்க் கொப்புளம்.
சேராங்கொட்டைப் பால் பட்ட கன்றுக்குத் தடவும் களிம்பையே
எனக்கும் தடவிக்கொண்டேன்.
பிறகு தேடிப் படித்தேன்:
இந்த மெருகு வடிகிற ஜப்பான் மரம்
சேராங்கொட்டைக்கும் முந்திரிக்கும் மாவுக்கும்
ஒரே கோயில் பங்காளியாம்.
பங்காளி என்றால்
முதலில் ஒரு சண்டை நடந்துதானே ஆகவேண்டும்.
மூன்றாம் வாரம் சமாதானம்.

திங்கள் காலை மசி ஏற்றுவேன்,
ஐந்து மில்லி சிரிஞ்சு,
முனை மழுக்கிய பதினெட்டாம் நம்பர் ஊசி.
உதைக்கிற மாட்டைப் பிடிப்பதுபோல்
புட்டியைப் பிடித்துக்கொள்வான் சேவுகன்.
"பூட்டி வச்சுட்டு அஞ்சு ரூவாப் பேனாவுல எழுதலாம்ல, டாக்டரம்மா."
இந்த ஊரில் நல்ல பொருள் என்றால் சாவி உண்டு.
இதற்கு மூடி மட்டும்.

கோமாரித் தடுப்பூசிப் பதிவேடு.
குடற்புழு மருந்து இருப்பு, வரவு, செலவு.
கருவூட்டிய தேதி, காளை எண்.
மாட்டின் பெயர் கேட்கும் கட்டம் எந்தப் படிவத்திலும் இல்லை,
ஓரத்தில் எழுதிக்கொள்கிறேன்.
அரசாங்கத் தாள் மசியைக் குடித்து
ஒவ்வோர் எழுத்துக்கும் வேர் விடுகிறது.
ழகரம் போட்டால்
பின்பக்கம் போய் எட்டிப் பார்க்கிறது.

தையில் மஞ்சுவிரட்டுக்குத் தகுதிச் சான்று,
ஒரே நாளில் நூற்று நாற்பது கையெழுத்து.
உடையப்பனின் காளை தலையைச் சிலுப்பியதில்
கொம்பு மூடியில் உரசி
நகக்கண் அளவுக்கு ஒரு பிறைக் கீறல்.
பதறிப்போய் "என்ன வெலைங்க?" என்றான்.
சொன்னேன்.
இந்த ஊரில் முதன்முதலாக ஒருவரிடம், உள்ளபடி.
பேனாவைப் பார்த்தான், காளையைப் பார்த்தான்,
திமிலைத் தட்டிக்கொடுத்து
"எம் மாடு இதவிடக் கூடங்க" என்றான்,
கொஞ்சம் நிம்மதியாகி.

கீறல் இப்போது விரலுக்குத் தெரியும், கண்ணுக்குத் தெரியாது.

ஐப்பசியில் இடி விழுந்து
வீராயிக்கு இரண்டு ஆடு போயிற்று.
நனைந்த தார்ப்பாயில் கிடத்தி இழுத்து வந்திருந்தாள்.
காதுத் தோட்டைத் துடைத்து எண் படித்தேன்.
காப்பீட்டுப் படிவத்தில் நிறம் என்ற கட்டம்.
செவலை என்று எழுதப் போனேன்.
"செவலையில்ல, கருஞ்செவல.
ஒங்க பேனா மாதிரி."

திருப்பிப் பார்த்தேன்.
கழுத்திலும் மூடியின் விளிம்பிலும்
சிவப்பு மேலேறி வந்திருக்கிறது,
தினமும் கையில் வைத்திருந்தும் கவனிக்கவில்லை.
"போன தடவ நல்ல கறுப்பால்ல இருந்துச்சு.
பழுக்குதோ என்னமோ" என்றாள்,
முந்தானையால் ஆட்டின் கண்ணை மூடிக்கொண்டே.

கருஞ்செவலை என்று எழுதினேன்.
அடுத்த கட்டம் மதிப்பு.
விதி எவ்வளவு விடுமோ
அவ்வளவும் எழுதினேன்,
எண்ணால் ஒருமுறை,
எழுத்தால் ஒருமுறை.